நீட், பிளஸ் ஒன், 30 மார்க்: எல்லையோரப் பெற்றோர் கேட்டவை

கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மூணாறு பக்கத் தமிழ் வீடுகளில் ஒரு பிள்ளை கேரளாவில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதும், இன்னொன்று பொள்ளாச்சியில் பிளஸ் டூ எழுதும். தேர்வு முறையை மாற்றுவோம் என்று தேர்தலில் சொன்னது எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது? ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் 2025 டிசம்பரில் அளித்த பதில்கள் இவை.

டீச்சர், நீட்டை ஒழிப்போம்னு 2021ல சொன்னாங்க. என் பொண்ணு பொள்ளாச்சியில பிளஸ் டூ. அவ நீட் எழுதணுமா, வேண்டாமா? (ஆட்டோ ஓட்டுநர், கோவிந்தாபுரம்)

எழுதணும் தம்பி. யார் என்ன பேசினாலும் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

முதல் சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே நீட்டை நீக்கச் சட்டம் கொண்டுவருவோம் என்றது தி.மு.க. தேர்தல் அறிக்கை. ஆட்சிக்கு வந்ததும் ஜூனில் நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவை அமைத்தார்கள். 86,342 பேர் அந்தக் குழுவுக்குக் கருத்து அனுப்பினார்கள். 2021 செப்டம்பர் 13 அன்று மசோதா நிறைவேறியது. 2022 பிப்ரவரியில் ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். பேரவை அதே மாதம் 8ஆம் தேதி மறுபடியும் நிறைவேற்றியது. மே மாதம் அது குடியரசுத் தலைவருக்குப் போனது. அங்கே கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் கிடந்தது. ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரல் 4 அன்று முதல்வர் பேரவையில் சொன்னார். நவம்பரில் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது.

ஆக, சட்டம் இயற்றுவோம் என்ற பாதி நடந்தது. நீட் போகும் என்ற பாதி நடக்கவில்லை. உங்கள் பெண் பரீட்சை ஹாலுக்குள் போகும்போது கணக்கில் வருவது அந்த இரண்டாவது பாதிதான்.

முன்னாடி இருந்த நுழைவுத் தேர்வை நீக்கினாங்களே டீச்சர், இப்ப மட்டும் ஏன் முடியல? (கல்லூரி மாணவர், பொள்ளாச்சி)

அது மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்குத் தமிழ்நாடு அரசே நடத்திய தேர்வு. 2006இல் சட்டம் போட்டு, 2007இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கி நீக்கினார்கள். நீட் அப்படியில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே அது இருக்கிறது. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் கல்வியை, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோய்விட்டது. அதனால் மத்தியச் சட்டத்துக்கு எதிரான மாநிலச் சட்டம் நிற்க வேண்டுமானால் அரசியலமைப்பின் 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவர் கையெழுத்து வேண்டும். 2017இல் அ.தி.மு.க. அரசு நிறைவேற்றிய இரண்டு மசோதாக்களும் இதே இடத்தில்தான் நின்றுபோயின.

இது வாக்குறுதி எழுதியவர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. "நாங்கள் சட்டம் போடுவோம், ஆனால் சாவி டெல்லியில் இருக்கிறது" என்று மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீட் வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். அதனால்தான் இந்த வருத்தம்.

என் மகள் இங்கே கேரள அரசுப் பள்ளியில் பத்தாவது. பிளஸ் ஒன்னுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் சேர்த்தால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா? (ஒரு அம்மா, கொழிஞ்சாம்பாறை)

கிடைக்காதும்மா. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2020 சட்டம் அது. இதை நம்பி மட்டும் பள்ளி மாற்றாதீர்கள்.

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போனது நல்லதுதானே? (பெற்றோர், மீனாட்சிபுரம்)

தனியாக மாநிலக் கல்விக் கொள்கை வகுப்போம் என்று தி.மு.க. தேர்தலில் சொன்னதை ஒட்டி நடந்தது இது. நீதிபதி முருகேசன் குழு 2024 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. 2025 ஆகஸ்ட் 8 அன்று கொள்கை வெளியானது. 2025-26 கல்வியாண்டிலேயே தேர்வு ரத்தானது. யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியிருக்கவில்லை. தன் கையில் இருப்பதை மாநில அரசு எவ்வளவு சீக்கிரம் செய்ய முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. அதற்கும் நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, சந்தோஷம். ஆனால் 2017இல் இந்தத் தேர்வை எதற்குக் கொண்டுவந்தார்கள்? பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூவையே உருப்போட வைத்தன. அடுத்த ஆண்டே, உயர்கல்விக்குப் பிளஸ் ஒன் மார்க் சேராது என்று சொல்லிவிட்டார்கள். தேர்வின் பலம் அப்போதே பாதி போய்விட்டது. இப்போது முழுசாகப் போயிருக்கிறது. பழைய வழக்கம் திரும்பிவிடக் கூடாது. நீட்டிலும், பொறியியலுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்விலும் 11ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து கேள்வி வருகிறது.

ஜனவரியில் பிள்ளையின் இயற்பியல் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். வெப்ப இயக்கவியல், அலைவுகள் என்று போயிருந்தால் சரி. அதெல்லாம் இல்லாமல் நிலை மின்னியல் எழுதியிருந்தால் அது பிளஸ் டூ பாடம். அன்றைக்கே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.

அஞ்சாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வு வருமா?

தமிழ்நாட்டில் 2019இல் அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். எட்டாவது வரை எல்லாரும் தேர்ச்சி என்பதைப் புதிய கொள்கையும் மாற்றவில்லை.

டீச்சரம்மா, எஸ்டேட் ஸ்கூல்ல தமிழ் மீடியத்துல பையன் ஒன்பதாவது. இனிமே பாஸ் ஆகிறது கஷ்டம்கிறாங்களே? (தேயிலைத் தோட்டத் தொழிலாளி, மூணாறு)

கேரள அமைச்சரவை 2024 ஆகஸ்டில் எடுத்த முடிவு இது. ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் மட்டுமே 30 சதவீதம் வாங்க வேண்டும். 2024-25இல் எட்டாவதுக்கு, 2025-26இல் ஒன்பதாவதுக்கு, 2026-27இல் பத்தாவதுக்கு. உங்கள் பையன் ஒவ்வொரு படியிலும் மாட்டும் வரிசையில் இருக்கிறான்.

இதுவரை எப்படி இருந்தது பாருங்கள்: எழுத்துத் தேர்வில் 80க்கு 11, பள்ளியிலேயே போடும் தொடர் மதிப்பீட்டில் 20க்கு 19. கூட்டினால் 30, டி பிளஸ் கிரேடு, தேர்ச்சி. இனி 80க்கு 24 வேண்டும். 40 மார்க் தாளென்றால் 12. முதல் வருஷம் எட்டாவதில் மார்க் குறைந்த பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் கூடுதல் வகுப்பு வைத்து மறுபடி எழுத வைத்தார்கள். அந்த வகுப்பு உங்கள் பள்ளியில் தமிழிலேயே நடக்குமா, அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பதை பெற்றோர் ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) கூட்டத்தில் இப்போதே கேளுங்கள். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கணக்கிலும் இங்கிலீஷிலும் பையன் அரையாண்டில் எழுத்துத் தேர்வில் மட்டும் எவ்வளவு வாங்கினான் என்று பாருங்கள், மொத்த மார்க்கைப் பார்க்காதீர்கள்.