அயல்மொழியில் நீங்கள் கற்று, மறக்கவே முடியாமல் போன சொற்றொடர் எது?

"ஜெத்தே அன் பவே தான் லா மார்." அதாவது, குட்டையில் ஒரு பாவுகல்லைத் தூக்கிப் போடுவது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைப் பொதுவில் போட்டு உடைத்து, பெரிய சர்ச்சையைக் கிளப்பிவிட்டால் பிரெஞ்சுக்காரர்கள் இப்படிச் சொல்வார்கள்.

புத்தகத்தில் படித்ததில்லை. நானே கல்லைப் போட்டுவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

லியோனில் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம் இருக்கும். திங்கட்கிழமைதோறும் எங்கள் பிரிவிலிருந்து நாற்பது பக்க அறிக்கை ஒன்று போகும். இரண்டு பேருக்கு ஒன்றரை நாள் வேலை. ஒரு கூட்டத்தில் என் அரைகுறைப் பிரெஞ்சில், "இதை யார் படிக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டேன். சத்தியமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். ஒருவர் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். மேலாளர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்து, அரை மணியில் முடிய வேண்டிய கூட்டம் மதியச் சாப்பாடு வரைக்கும் இழுத்தது.

வெளியே காபி மெஷின் பக்கத்தில், ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இந்த வாக்கியத்தைச் சொன்னார். எனக்குத் தெரிந்த 'பவே' கேன்டீன் பலகையில் எழுதியிருக்கும் 'பவே த சோமோன்' மட்டும்தான், கனமாக வெட்டிய சால்மன் துண்டு. 'மார்' என்றால் 'ஜான் ஏ மார்', நம்ம 'போதும்டா சாமி'. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், நான் ஏதோ அலுப்பில் மீன் துண்டை வீசியதாக வந்தது. அதையே கேட்டும் வைத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் காபி கையில் கொட்டிவிட்டது. துடைத்த காகிதத்தின் காய்ந்த பக்கத்திலேயே ஒரு குட்டை, கரையில் இரண்டு தவளை, மேலிருந்து விழும் ஒரு சதுரக் கல் என்று வரைந்து காட்டினார். பவே என்பது பழைய தெருக்களில் பாவியிருக்கும் கல். அதன் வடிவத்தால்தான் மீன் துண்டுக்கும் அந்தப் பெயர். குட்டைக்கும் அலுப்புக்கும் எழுத்தில் ஒரு 'ர' கூடக்குறைய, ஒலி ஒன்றே.

"புரிந்தது, எங்களிடமும் உண்டு. குட்டையைக் குழப்பி மீன் பிடிப்பது" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அதற்கு அவர்களிடம் தனியாக ஒன்று இருக்கிறது: 'பெஷே ஆன் ஓ த்ரூப்ல்', கலங்கிய தண்ணீரில் மீன் பிடிப்பது. வார்த்தைக்கு வார்த்தை நம்முடையதேதான்! ஆனால் அது ஆதாயம் தேடுகிறவனுக்குச் சொல்வது. "நீ மீன் பிடிக்க வரவில்லையே" என்றார்.

அன்று இரவு படுத்துக்கொண்டு தமிழில் இதற்கு ஈடு தேடினேன். கல்லும் தண்ணீரும் சேர்ந்தால் நமக்குச் சட்டென்று வருவது 'கிணற்றில் போட்ட கல்'. மனு கொடுத்து மூன்று வருடமாகப் பதிலே இல்லை என்றால் அப்படிச் சொல்வோம். நம் கல் சத்தமில்லாமல் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அவர்கள் கல் சுற்றி நிற்பவர் சட்டையெல்லாம் சேற்றை வாரி அடிக்கிறது. 'தேன்கூட்டில் கல்லெறிவது' கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் அதில் கொட்டு வாங்குவது எறிந்தவன். பவேயில் அந்தக் கட்டாயம் இல்லை, சில நேரம் பாராட்டாகவே சொல்கிறார்கள்.

பவே லேசான சொல்லும் இல்லை. 1968 மே மாதம் பாரிஸில் மாணவர்கள் தெருவிலிருந்து பெயர்த்தெடுத்துத் தடுப்பரண் கட்டியதும் போலீஸ் மீது எறிந்ததும் இந்தக் கல்லைத்தான்.

குட்டைக்கும் ஒரு சுவையான உறவு உண்டு. வாத்துக்குப் பிரெஞ்சில் 'கனார்'. கொச்சையில் செய்தித்தாளுக்கும் அதே பெயர். 1915இல் தொடங்கிய 'ல கனார் ஆன்ஷேனே' என்ற அங்கத வார இதழின் இரண்டாம் பக்கப் பத்திக்குப் பெயரே 'வாத்துக் குட்டை'. மற்றவர்கள் குட்டையில் கல் போடுவதுதான் அந்த இதழின் பிழைப்பு. மத்திய ஆப்பிரிக்காவை ஆண்ட பொக்காசா, ஜிஸ்கார் தெஸ்தேனுக்கு வைரங்கள் கொடுத்த கதையை 1979 அக்டோபரில் வெளியிட்டது. அப்போது ஜிஸ்கார் நாட்டின் அதிபர். 1981 தேர்தலில் அவர் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்றும் பேசுவார்கள். 2017 ஜனவரியில், அதிபர் தேர்தல் வேட்பாளர் ஃபிரான்சுவா ஃபிய்யோன் மனைவிக்கு நாடாளுமன்ற உதவியாளர் சம்பளம் போன விவகாரம். அதுவரை முன்னணியில் இருந்தவர், ஏப்ரலில் நடந்த முதல் சுற்றிலேயே மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டார். கல் என்றால் இது கல்.

இன்னொரு பவேயும் இருக்கிறது, 'கரடியின் பாவுகல்'. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேனின் நீதிக்கதை: தூங்கும் நண்பன் மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்ட, கரடி பாவுகல்லை எறிந்து அவன் மண்டையையே உடைத்துவிடும். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் பஞ்சதந்திரத்து ராஜாவும் வாளேந்திய குரங்கும்தான். 1678இல் வந்த தொகுப்பின் முன்னுரையில், 'பில்பே' என்ற இந்திய ஞானிக்குத் தான் கடன்பட்டிருப்பதாக லா ஃபோந்தேனே எழுதியிருக்கிறார். நல்லது செய்யப்போய்க் கெடுத்தால் அது கரடியின் கல், குட்டைக் கல் அல்ல. என்னுடையது எந்தக் கல் என்று அலுவலகத்தில் இரண்டு கட்சி இருந்தது.

அறிக்கையை அடுத்த மாதமே நிறுத்திவிட்டார்கள். அதைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தவர் இரண்டு மாதம் எனக்கு 'போன்ஜூர்' கூடச் சொல்லவில்லை. அதற்கும் அந்த அம்மாவே ஒரு தொடர் சொல்லிக்கொடுத்தார்: 'ஃபேர் லா தேத்', நேர்ப்பொருள் 'தலை செய்வது'. நாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறோமே, அதுதான்.