டாகா: இரண்டு வருடம், அதற்குமேல் இல்லை

தம்பி, ஹூஸ்டனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து மேசையில் வேலை செய்யும் மெக்சிகோப் பெண் இரண்டு வயதிலிருந்து இங்கேயே வளர்ந்தவள், ‘டாகா’வும் இருக்கிறது, பிறகு ஏன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

விண்ணப்பிக்க அவளுக்கு வழி இல்லை. நம் இந்தியர்களுக்கு கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) வரிசை நீளம். அவளுக்கு வரிசையே கிடையாது. டாகா என்பது சிறுவயதில் வந்து ஆவணமின்றி வளர்ந்தவர்களுக்கு 2012 ஜூனில் ஒபாமா அரசு கொடுத்த தற்காலிக ஏற்பாடு. இரண்டு வருடத்துக்கு நாடுகடத்த மாட்டார்கள், வேலை செய்யலாம். பிறகு மறுபடி புதுப்பிக்கவேண்டும். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதுதான். அவர்கள் ஃபிரிட்ஜில் ஒரு காலண்டர் தொங்கும். அனுமதி முடிய ஐந்து மாதம் இருக்கும்போதே சிவப்பு வட்டம் போட்டிருப்பாள். அந்தத் தேதியோடு ஓட்டுநர் உரிமமும் காலாவதியாகிவிடும். 2017 செப்டம்பர் 5 அன்று டாகாவை நிறுத்துவதாக டிரம்ப் அரசு அறிவித்தது. 2018 மார்ச் 5-க்குள் முடிகிறவர்கள் மட்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள், புதுப்பித்துக்கொள்ளலாம். அவளுடையது மார்ச் 20. அறிவிப்பு வந்த அன்று மாலை எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். என் மனைவி பக்கத்திலேயே இருந்தாள். பிறகு நீதிமன்றங்கள் தலையிட்டதால் பிழைத்தாள். ஆனால் அந்த ஆண்டு சேரவேண்டிய படிப்பு போனது போனதுதான்.

அவள் தம்பியின் கதை இன்னும் கொடுமை. பதினைந்து வயது நிறைந்தால்தான் விண்ணப்பம் போடலாம். அவனுக்கு நிறைந்தது 2021 நவம்பரில். ஜூலையிலேயே டெக்சாஸ் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் புதிய அனுமதிகளை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் அக்காளுக்கு அட்டை உண்டு, தம்பிக்கு இல்லை, இங்கே பிறந்த கடைக்குட்டி அமெரிக்கக் குடிமகள்.

“நாங்கள் முறைப்படி வந்தோம்” என்று உங்கள் பக்கத்து மேசைப் பெண்ணிடம் தவறியும் சொல்லிவிடாதீர்கள். கிரீன் கார்டு வருமுன் 21 வயதாகி, எச்-4 (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசா) இழந்து நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்தப் பயம் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பையன் கணக்கில் கெட்டிக்காரன். இப்படிப்பட்ட மாணவர்களும் மாநிலத்தவருக்கான குறைந்த கல்லூரிக் கட்டணத்தில் படிக்க டெக்சாஸில் 2001 முதல் சட்டம் இருந்தது. 2025 ஜூனில், அவன் பள்ளியை முடித்த நேரத்தில், அதையும் எடுத்துவிட்டார்கள். கட்டணம் பல மடங்கானது. கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் காலண்டருக்குக் கீழே இன்னும் ஒட்டியிருக்கிறது. அவன் மாமாவோடு கூரை வேலைக்குப் போகிறான்.