கட்டைவிரல் மறுபடி மடங்குமா?

கேள்வி: வலது கால் கட்டைவிரல் கோணிப்போய்ப் பக்கத்து விரல்மேல் சாய்ந்துவிட்டதால் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். எலும்பை வெட்டி நேராக்கி ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். இன்றோடு ஏழு வாரம். எக்ஸ்-ரேயில் எலும்பு நன்றாகக் கூடி வருகிறதாம். ‘இனி விரலை மடக்கிப் பழகுங்கள்’ என்று சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். விரலோ மரக்கட்டை மாதிரி இருக்கிறது. கையால் மடக்கினால் வலிக்கிறது. ஸ்க்ரூ கழன்றுவிடுமோ என்ற பயத்தில் விட்டுவிடுகிறேன். மாலையானால் வீக்கம் வேறு. நான் ஆசிரியை, நின்றுகொண்டேதான் வேலை. என்ன செய்யட்டும் மேடம்?

பதில்: ‘விட்டுவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நானும் அப்படி விட்டவள்தான். பல வருடங்களாகப் பாதம், கணுக்கால் என்றே பார்த்துவரும் பிசியோதெரபிஸ்ட் நான். இருந்தும் என் இடது காலில் இதே அறுவை சிகிச்சை நடந்தபோது, தையல் பிரித்த அன்று அந்த விரலைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை. எத்தனையோ பேருக்கு மடக்கிவிட்ட கை, என் விரலுக்கு முன்னால் நடுங்கியது. உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எலும்பு தானாகக் கூடிவிடும், மூட்டு தானாக மடங்காது. விரலை நேராக்கும்போது மூட்டைச் சுற்றியுள்ள உறையைத் திறந்து, இழுத்துத் தைக்கிறார்கள். அந்த இடம் ஆறும்போது தழும்புத் திசு படர்ந்து இறுகும். முதல் மூன்று மாதத்தில் அது இளசாக இருக்கிறது, சொன்னபடி கேட்கும். அதன் பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் மல்லுக்கட்ட வேண்டிவரும். உங்களுக்கு ஏழு வாரம்தான் ஆகிறது, காலம் கைவிட்டுப் போகவில்லை.

இனி ஸ்க்ரூ. கட்டைவிரலில் இரண்டு மூட்டுகள் உண்டு. நகத்துக்குப் பின்னால் ஒன்று, விரல் பாதத்தோடு சேரும் இடத்தில் ஒன்று. நாம் மடக்க வேண்டியது இரண்டாவது, அடி மூட்டு. ஸ்க்ரூ பெரும்பாலும் அதற்கும் பின்னால், பாதத்தின் நீள எலும்பில் இருக்கும். அந்த எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு விரலை மடக்கினால், இழுவிசை மூட்டில்தான் விழும். பிடிக்கிற இடம் தவறினால்தான் வம்பு.

நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை இடது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அந்த நீள எலும்பை மேலும் கீழுமாகக் கவ்வட்டும். மற்றக் கையால் கால்விரலை மூட்டுக்கு ஒட்டினாற்போல் அடியில் பிடியுங்கள். நகத்தைப் பிடித்து இழுப்பவர்கள்தான் அதிகம். நுனியைப் பிடித்தால் முன் மூட்டு மட்டும் மடங்கி, அடி மூட்டு அப்படியே கிடக்கும். பிடித்த பிறகு விரலை நீளவாக்கில் லேசாக வெளியே இழுங்கள், மூட்டுக்குள் ஒரு நூலளவு இடம் விடுகிற மாதிரி. அந்த இழுப்பை விடாமலே மெல்ல மேலே கொண்டு போங்கள். ‘இதற்குமேல் வராது’ என்று விரல் சொல்லும் இடத்தில் 10 எண்ணும்வரை நிறுத்துங்கள். எட்டு எண்ணும்போது கொஞ்சம் இளகிக் கொடுப்பது உங்கள் விரல்களுக்கே தெரியும். அதே மாதிரி கீழ்ப்பக்கமும். பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. புண் முழுதாக ஆறியிருந்தால் முதலில் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டால் சுலபமாக வரும். ஆரம்பிக்கும் முன் உங்கள் டாக்டரிடம் ‘அடி மூட்டை மேலும் கீழும் மடக்கலாம்தானே?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த மூட்டையே பிணைத்துவிடும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. அது நடந்தவர்கள் இந்தப் பயிற்சியைச் செய்யவே கூடாது.

வலி இருக்கும். இழுக்கிற வலி வேறு, குத்துகிற வலி வேறு. பத்துக்கு மூன்று நான்கு என்று சொல்லக்கூடிய இழுவலி, கையை எடுத்த கொஞ்ச நேரத்தில் அடங்கினால் நல்லது. மறுநாள் காலையிலும் வலியும் வீக்கமும் கூடுதலாக இருந்தால் முந்தைய நாள் அதிகமாகச் செய்துவிட்டீர்கள் என்று பொருள். அன்று பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

இந்த ஒரு மூட்டுக்காக ஏன் இத்தனை பாடு என்று தோன்றலாம். நல்ல காலின் கட்டைவிரலைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள், பாதத்தின் வளைவு தானாக எழும்பும். உள்ளங்கால் தசைநார் கிணற்று ராட்டினக் கயிறு போல விரலடியில் சுற்றி இழுபடுவதால் வருவது அது. ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 1954-இல் இதை விளக்கி எழுதினார். நடக்கும்போது குதிகால் எழ, விரல் தரையில் இருக்க, அந்த மூட்டு 40 டிகிரிக்கு மேல் மடங்கினால்தான் பாதம் இறுகி உடம்பை முன்னே தள்ளும். மடங்காவிட்டால் உடம்பு வேறு வழி தேடும். பாதத்தின் வெளி ஓரத்தில் நடக்கும்.

என் கதையும் இதுதான். குளித்துவிட்டு வந்த ஒரு நாள், தரையில் என் ஈரக் கால்தடத்தைப் பார்த்தேன். வலது தடத்தில் ஐந்து விரலும் பளிச்சென்று இருந்தன. இடது தடத்தில் வெளி ஓரம் ஒரு நீளக் கோடு, நான்கு விரல் புள்ளிகள், கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த தரை. ஒன்பது வாரம் அந்த விரலைத் தரையில் படவிடாமலே நடந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். இடுப்பில் இருந்த வலி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. கையால் எத்தனை முறை மடக்கினாலும், நடையில் அந்த விரலைப் பயன்படுத்தாவிட்டால் மூட்டு மறுபடி இறுகிவிடும்.

ஆகவே உங்கள் டாக்டர் சாதாரணக் காலணிக்கு மாறச் சொன்னதும், மெதுவாக நடந்து பழகுங்கள். குதிகால், பிறகு முழுப் பாதம், கடைசியில் கட்டைவிரலின் அடி. குறுகிய எட்டுகளாக வையுங்கள், வேகம் பின்னால் வரும். அதற்கு முன்னோட்டமாக, உட்கார்ந்தபடியே விரல்கள் தரையில் இருக்கக் குதிகாலை மட்டும் தூக்கிப் பழகலாம். அது சுலபமான பிறகு சுவரைப் பிடித்து நின்று இரண்டு குதிகாலையும் சேர்த்துத் தூக்குங்கள். ஒற்றைக் காலில் தூக்குவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

வீக்கத்துக்கு அஞ்ச வேண்டாம். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாலை வீக்கம் மூன்று முதல் ஆறு மாதம் வரை சாதாரணம், சிலருக்கு ஒரு வருடம்கூட இழுக்கும். இடைவேளையில் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டுங்கள், வீட்டில் படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலாகத் தூக்கி வையுங்கள். கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். பள்ளியில் சில வாரங்களுக்காவது உட்கார்ந்து பாடம் எடுக்க அனுமதி கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள். கெண்டைக்காலில் வலியோடு திடீர் வீக்கம், மூச்சுத் திணறல், காய்ச்சல், தழும்பில் சிவப்பு அல்லது நீர்க்கசிவு, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு இரண்டாவது கால்விரல் சுத்தியல் மாதிரி வளைந்திருந்ததை நேராக்கி, நடு மூட்டைப் பிணைத்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். நுனியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று வாரம் ஆகிறது. இப்போதே பயிற்சி தொடங்கலாமா?

பதில்: அந்த விரலுக்கு வேண்டாம் தம்பி. கம்பி பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் இருக்கும், அதுவரை அந்த விரலுக்கு ஓய்வுதான் சிகிச்சை. நனையாமல், போர்வையில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பி முன்பைவிட வெளியே வந்ததாகத் தெரிந்தாலோ, அடியில் கசிந்தாலோ, நீங்களே உள்ளே தள்ளிவிடாமல் டாக்டருக்குச் சொல்லுங்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு இவற்றை அசைக்கத் தடையில்லை. வயதானவர்கள் காலில் கட்டு இருக்கிறதென்று தொடையையும் சும்மா விட்டுவிடுவார்கள், பிறகு எழுந்திருக்கவே சிரமப்படுவார்கள். உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி ஐந்து எண்ணி இறக்கச் சொல்லுங்கள், நாளைக்குப் பல தடவை.

கம்பி எடுத்த பிறகு நடு மூட்டு மடங்காது. அதற்காகத்தான் பிணைத்தார்கள் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அப்போது பயிற்சி தேவைப்படுவது அடி மூட்டுக்கு.

கேள்வி: தரையில் துணியை விரித்து விரல்களால் சுருட்டும் பயிற்சியைத் தினமும் செய்கிறேன். கட்டைவிரல் அறுவை சிகிச்சைக்கு இது ஒன்று போதாதா?

பதில்: போதாது. துணியைச் சுருட்டும்போது பெரும்பாலும் விரல் நுனிகள்தான் கொக்கி போல மடங்குகின்றன. அடி மூட்டு மேல்நோக்கி மடங்குவதே இல்லை, நடைக்கு வேண்டியது அதுதான். இதைத் தொடருங்கள், கூடவே மற்ற நான்கு விரலும் தரையில் இருக்கக் கட்டைவிரலை மட்டும் தூக்கிப் பாருங்கள். முதல் வாரம் அசையவே அசையாது. கண்ணால் விரலைப் பார்த்துக்கொண்டு, கையால் கொஞ்சம் உதவிக்கொண்டு முயலுங்கள். மூளை அந்த விரலைக் கொஞ்ச நாள் மறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: நான்கு மாதம் ஆகியும் தழும்புக்குப் பக்கத்தில் தொட்டால் மரத்த மாதிரி இருக்கிறது. செருப்பு உரசினால் சுரீர் என்கிறது.

பதில்: விரலின் மேற்பக்கத்துக்கு உணர்வு கொடுக்கும் மெல்லிய நரம்பு அந்தத் தழும்பை ஒட்டியே ஓடுகிறது. தேறி வர மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு ஒரு சிறு இடம் மரத்தபடியே தங்கிவிடுவதும் உண்டு. எண்ணெயோ கிரீமோ தொட்டு, தழும்பின் மேல் விரலை வைத்து, தோல் நகரும்படி வட்டமாக அழுத்தித் தேயுங்கள், நாளைக்கு இரண்டு முறை, ஐந்து நிமிடம். பிறகு பஞ்சு, மெல்லிய துணி, கொஞ்சம் சொரசொரப்பான துண்டு என்று ஒவ்வொன்றாக அந்த இடத்தில் வருடிப் பழக்குங்கள். பஞ்சு பட்டாலே தாங்காத எரிச்சல், நிறம் மாறிய தோல், ஒரு பக்கம் மட்டும் வியர்வை என்று இருந்தால் தேய்ப்பதை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.