பாயில் உட்கார்ந்த கேமரா

கேள்வி: ஜப்பானியப் படமா, கொரியப் படமா, உங்கள் மனசு எந்தப் பக்கம்? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: கொரியப் படம் தூக்கத்தைக் கெடுக்கும். மழைவெள்ளம் ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டுக்குள் புகும் 'பாரசைட்' (2019) பார்த்த ராத்திரி நல்ல மழை. இருப்பது பதினோராவது மாடி, அப்படியும் எழுந்துபோய் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்தேன்!

மனசு என்னவோ ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) பக்கம்தான். பார்க்க வந்த வயசான பெற்றோரைப் பிள்ளைகள், நேரமில்லை என்று, அத்தாமி வெந்நீர் ஊற்றுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பாயில் உட்கார்ந்தவர் கண்மட்டத்தில் கேமரா அசையாமல் இருக்கிறது. போன வருஷம் தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த அம்மாவை நானும் செந்தோசா சுற்றுலாத் தீவுக்கு டூர் பஸ்ஸில் தனியாக ஏற்றிவிட்டேன். சாயங்காலம் வந்து, "நல்லா இருந்துச்சுப்பா" என்றார். கையில் நான் கொடுத்த தண்ணீர் பாட்டில், மூடிகூடத் திறக்காமல். படம் பார்த்தது அதற்கு அப்புறம்.