சும்மா தாறாங்களாம்! வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இரவில் சேர்ந்து ஒன்லைனில் ஒரு கேம் விளையாடுகிறோம். அதே கொம்பனியின் புதுக் கேம் ஒன்றை இறக்கி, பத்தாவது லெவல் வரை போனால் எங்கள் கேமில் ஒரு துவக்கு ஸ்கின் (துவக்கின் தோற்றத்தை மட்டும் மாற்றுகிற வர்ணம்) இலவசமாம். இதனால் வட்ஸ்அப் குறூப்பில் ஒரே சண்டை. பாதிப்பேர் ‘எடுத்தால் என்ன குறையும்’ என்கிறார்கள், மற்றவர்கள் ‘இது தூண்டில்’ என்கிறார்கள். யார் சொல்வது சரி?
(ஓர் இளைஞர், ஆரையம்பதி)

தூண்டில்தான் தம்பி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தூண்டில் என்பதற்காகக் களவு என்று ஆகிவிடாது. ஒரு கேமில் இருக்கிற கூட்டத்தைக் காட்டி இன்னொரு கேமுக்கு ஆள் பிடிப்பது பழைய வியாபாரம். 2009 இல் வால்வ் என்ற கேம் நிறுவனம், லெஃப்ட் 4 டெட் 2 கேமைத் தன் ஒன்லைன் கடையான ஸ்டீமில் முன்பதிவு செய்தவர்களுக்குத் தன் இன்னொரு கேமான டீம் ஃபோர்ட்ரஸ் 2 கேமில் ஒரு தொப்பி கொடுத்தது. போட்டால் வேகம் கூடுமா, குறி தவறாதா என்றால் ஒன்றுமில்லை, வெறும் தொப்பி. அதற்கும் ஆசைப்பட்டார்கள்.

இப்படிக் கொடுப்பதில் அவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்டால் ஒரு கணக்கு இருக்கிறது. எபிக் கேம்ஸ் என்ற கேம் கொம்பனி 2018 டிசம்பரில் தன் ஒன்லைன் கடையைத் திறந்ததிலிருந்து இலவசக் கேம் கொடுத்துவருகிறது. அதற்கு என்ன செலவானது என்பது 2021 இல் அப்பிளோடு நடந்த வழக்கில் வெளியே வந்தது. முதல் ஒன்பது மாதங்களில் 38 கேம்களுக்கு, அவற்றைச் செய்தவர்களுக்குக் கொடுத்த காசு சுமார் 1 கோடி 16 லட்சம் டொலர், வந்து சேர்ந்த புதிய கணக்குகள் கிட்டத்தட்ட 50 லட்சம். ஓர் ஆளைப் பிடிக்க இரண்டரை டொலர்கூட ஆகவில்லை. அந்த விலைக்குப் பார்த்தால் உங்கள் இரவுக் கூட்டம் முழுவதும் சேர்த்து ஒரு 35 டொலர் பெறும், அவ்வளவுதான்.

நானும் இதில் மாட்டினவன், பெயர் சொல்லாமல் சொல்கிறேன். ஒரு கேமில் ஏதோ சட்டை தருகிறார்கள் என்று இன்னொன்றை இறக்கினேன். இறக்கின பிறகு உள்ளே போனால் இன்னும் இறக்கச் சொன்னது, ஒரு வாரத்துக்குப் போட்ட டேட்டா கார்ட் அன்று பின்னேரமே முடிந்தது. மூன்று இரவு கண்முழித்து லெவல் ஏற்றினேன். சட்டை வந்தது, கீழே சின்ன எழுத்தில் ‘7 நாள்’. எட்டாம் நாள் பழைய கோலத்தில் நின்றேன். ஆகவே முதலில் அந்தப் பரிசு நிரந்தரமா, நாள் கணக்கா என்று பாருங்கள். அடுத்தது, புதுக் கேம் என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். சுடுகிற கேமுக்கு உங்கள் போனில் உள்ள நம்பர்கள் எதற்கு? மறுத்தால் கேம் திறக்கவே மாட்டேன் என்றால் ஸ்கின்னை மறந்துவிடுங்கள். இதெல்லாம் சரியாக இருந்து, வீட்டில் வைஃபையும் இருந்தால், எடுங்கள், எடுத்துவிட்டு அந்தக் கேமை அழியுங்கள். குறூப்பை மட்டும் உடைக்காதீர்கள், துவக்குக்குப் பூசுகிற வர்ணத்துக்காகவா சண்டை?

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. போனில் ஃப்ரீ ஃபயர் என்ற சுடுகிற கேம் விளையாடுவான், அதில் டயமண்ட்தான் காசு. ‘ஃப்ரீ ஃபயர் இலவச டயமண்ட்’ என்று அவனுடைய கூட்டாளியிடமிருந்தே லிங்க் வந்தது. அமத்தினான், பேஸ்புக் பாஸ்வேர்ட் போட்டான், இப்போது கேமும் இல்லை, பேஸ்புக்கும் இல்லை. இரண்டு நாளாகச் சோறு தின்கிறான் இல்லை. தகப்பன் ஏசிக்கொண்டே இருக்கிறார். என்ன செய்வது?
(ஒரு தாய், களுவாஞ்சிகுடி)

முதலில் தகப்பனை ஏசாமல் இருக்கச் சொல்லுங்கள் அக்கா, இதில் வளர்ந்த ஆட்களும் ஏமாறுகிறார்கள். லிங்க் அனுப்பியது அந்தக் கூட்டாளியாக இருக்காது, அவனுடைய கணக்கும் முன்பே பறிபோயிருக்கும். இப்போது உங்கள் மகனின் பெயரில் யார் யாருக்கோ அதே லிங்க் போய்க்கொண்டிருக்கலாம், அதனால் இன்றைக்கே வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

பிறகு பேஸ்புக். மகன் வழமையாகப் பாவிக்கும் போனிலிருந்தே ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்ற வழியால் போய்ப் பாருங்கள், கணக்கைத் திறந்த நம்பரோ ஈமெயிலோ கையில் இருந்தால் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. கிடைத்ததும் புதுப் பாஸ்வேர்ட், எல்லா இடத்திலிருந்தும் லொக் அவுட், இரண்டடுக்குப் பாதுகாப்பு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு கோடும் கேட்பது), மூன்றையும் ஒரே மூச்சில் செய்யுங்கள். ஈமெயிலுக்கும் அதே பாஸ்வேர்ட் என்றால் அதையும் மாற்ற வேண்டும். கேம் கணக்குப் பேஸ்புக்கோடு கட்டியிருப்பதால் அது மீண்டால் இதுவும் மீளலாம், இல்லாவிட்டால் டயமண்ட் வாங்கிய ரசீதுகளோடு கொம்பனியின் உதவிப் பக்கத்துக்கு எழுதுங்கள். இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற ஸ்ரீலங்கா சேர்ட் (Sri Lanka CERT) நிறுவனத்துக்கு 101 இல் எடுத்து முறையிடலாம்.

உண்மையான ஃப்ரீ ஃபயர் பரிசுக் கோட் எப்படி வரும் என்று மகனுக்குத் தெரிந்திருந்தால் இது நடந்திராது. அது இங்கிலீஷ் பெரிய எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு வரி. ஃப்ரீ ஃபயரை நடத்துகிற கரீனா கொம்பனியின் சொந்தப் பக்கத்தில் மட்டும்தான் போடலாம், பேஸ்புக் போன்ற எதனோடும் கட்டாத கெஸ்ட் கணக்குக்குக் கிடைக்காது, பரிசு கேமுக்குள்ளேயே வந்து விழும். ‘சும்மா தாறம், எத்தனை டயமண்ட் வேண்டும்?’ என்று 1,000, 5,000, 10,000 பட்டன் வைத்துக் கேட்கிற பக்கம் எதுவும் கொம்பனியுடையதல்ல. எந்த வியாபாரி எவ்வளவு வேண்டும் என்று கேட்டு அள்ளிக் கொடுக்கிறான்?

கேள்வி: கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். ‘இந்தச் செய்தியைப் பத்துக் குறூப்புக்கு அனுப்பினால் பப்ஜி யூசி கிடைக்கும்’ என்று (யூசி என்றால் பப்ஜி கேமுக்குள் பாவிக்கும் காசு) ஒருவர் நோட்டீஸ் தந்து கடையில் ஒட்டச் சொல்கிறார். ஒட்டலாமா?
(கல்முனை)

வேண்டாம் நானா. நாளைக்கு ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் நோட்டீஸ் தந்தவர் இருக்க மாட்டார், கடைப் பெயர்ப் பலகையோடு நீங்கள்தான் இருப்பீர்கள்.

கேள்வி: படம், கிரிக்கெட், புட்போல் ஆட்கள் என்று கேமுக்குள் யாராவது வந்து பரிசு என்றால் உடனே ‘போலி, போலி’ என்று சிலர் கத்துகிறார்கள். இது வீண்பயம் இல்லையா?
(உயர்தர மாணவி, அக்கரைப்பற்று)

வீண்பயம் இல்லை தங்கச்சி, பட்ட ஆட்கள் கத்துகிறார்கள். 2020 இல் ஃப்ரீ ஃபயருக்குள் மணி ஹெய்ஸ்ட் என்ற ஸ்பானியத் தொடர் வந்தது, அந்த வருடக் கடைசியில் ரொனால்டோ வந்தார். இரண்டும் உண்மையான ஏற்பாடுகள்தான். ஆனால் உண்மையான பரிசு ஒன்று கிடக்கும்போதுதான் போலி லிங்க் நன்றாக விலைபோகும், எல்லோருடைய கண்ணும் அந்தப் பக்கமே இருப்பதால். 2020 மே மாதம் எபிக் ஜீடிஏ 5 என்ற காசுக்கு விற்கிற கேமைச் சும்மா கொடுத்தபோது கூட்டம் தாங்காமல் அவர்களுடைய கடையே சில மணிநேரம் படுத்துவிட்டது. அந்த நாட்களில் இலவசக் கேம் எடுக்க வேண்டுமானால் இரண்டடுக்குப் பாதுகாப்புப் போட்டே ஆகவேண்டும் என்று கொடுக்கிறவனே கட்டாயப்படுத்தினான். கொம்பனியே அவ்வளவு பயந்தால் கத்துகிற அந்த ஆட்கள் பயப்படக்கூடாதா? என்ன, அவர்கள் கத்துவதோடு நிற்கிறார்கள். ‘லிங்க் அனுப்பாதே, கேமுக்குள் எந்த இடத்தில் இருக்கு, அதைச் சொல்லு’ என்று கேட்டால் பாதிப் போலி அங்கேயே விழும்.

கேள்வி: இலவசமாகச் சேர்த்த ஸ்கின் நிறைய இருக்கிறது. கணக்கோடு விற்கலாமா? ஒருவர் நல்ல விலை சொல்கிறார்.
(பொத்துவில்)

சும்மா வந்ததற்கு விலை ஏறுவது நடக்காத கதையல்ல. 2010 ஜூனில் டீம் ஃபோர்ட்ரஸ் 2 மக் கணினிக்கு வந்தபோது, அதில் விளையாடியவர்களுக்கு ஒரு வெள்ளை இயர்போன் கொடுத்தார்கள், பிறகு விளையாடுகிறவர்கள் அதையே காசுபோல வைத்துப் பண்டமாற்றுச் செய்தார்கள். ஆனால் அங்கே பொருளைக் கைமாற்ற வழி இருந்தது. உங்கள் கேமில் ஸ்கின்னை மட்டும் கழற்றிக் கொடுக்க முடியாது, முழுக் கணக்கையும் கொடுக்க வேண்டும், அது கொம்பனி விதிக்கு மாறு, கண்டால் தடை. இன்னொன்றும் இருக்கிறது. கணக்கைத் திறந்த ஈமெயில் யாரிடம் இருக்கிறதோ அவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுக்கலாம் என்று வாங்குகிறவனுக்கும் தெரியும். அதனால் அவன் உங்கள் ஈமெயிலையும் பாஸ்வேர்டோடு சேர்த்துக் கேட்பான். கேட்டுவிட்டானா, இல்லை இனிமேல்தான் கேட்கப் போகிறானா?