மின்சாரம் நின்றால் கீழே இறங்கும் மில்லிங் ஹெட்

கேள்வி: வீட்டிலேயே சிறிய மில்லிங் மெஷின் ஒன்றைச் செய்து வருகிறேன். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் அதைத் தாங்கும் தட்டும் சேர்ந்த ஹெட் 30 கிலோ எடை. அதை ஏற்றி இறக்க, 5 மி.மீ. லீடு (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) கொண்ட பால் ஸ்க்ரூவும் (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு) 2 நியூட்டன் மீட்டர் ஸ்டெப்பர் மோட்டாரும் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) பொருத்தியிருக்கிறேன். மின்சாரம் நின்றதும் ஹெட் தானாக இறங்கி, கட்டர், வேலைப்பொருளைப் பிடிக்கும் வைஸில் மோதி உடைந்துவிட்டது. பெரிய மோட்டார் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- கோவை வாசகர்

பதில்: வாங்காதீர்கள். 30 கிலோவை 5 மி.மீ. லீடில் மேலே தூக்க ஏறக்குறைய 0.26 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். உங்களிடம் இருப்பது அதைப் போல ஏழு மடங்குக்கும் மேல். மின்சாரம் இருக்கும்வரை உங்கள் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. மின்சாரம் நின்றபின் எந்த ஸ்டெப்பர் மோட்டாரிலும் மிஞ்சுவது அதன் காந்தத்தின் சிறு பிடிப்பு மட்டுமே. உராய்வு மிகக் குறைந்த பால் ஸ்க்ரூவோ, எடை அழுத்தினால் தானாகவே சுழலும். இந்த எளிய உண்மையைச் சொல்லாமல் 'நெமா 34 மோட்டார் போடுங்கள்' என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்த எண் மோட்டாரின் முகப்பு அளவைத்தான் குறிக்கிறது, வலிமையை அல்ல. முறுக்குவிசை வரைபடத்தைக் கேட்டால் பாதிக் கடைகளில் நம்மை விசித்திரமாகப் பார்க்கிறார்கள். தேர்வுக்காகத் திருகு ஜாக்கியின் கணக்கை மனப்பாடம் செய்யவைக்கும் நம் பாடத்திட்டம், பால் ஸ்க்ரூ எடையைப் பிடித்து நிறுத்தாது என்பதை மாணவர் மனத்தில் பதிய வைக்காதது எனக்கு நெடுநாளைய ஆற்றாமை.

செய்ய வேண்டியது, எடையை வேறொன்றின் மீது ஏற்றுவது. கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்பிரிங் இதற்கு ஏற்றது. ஹெட்டின் ஒவ்வொரு புறமும் 120 நியூட்டன் ஸ்பிரிங் ஒன்றைப் போடுங்கள். அழுத்த அழுத்த அதன் விசை கூடும் என்பதால், எடைக்குச் சமமான 300 நியூட்டனைவிடச் சற்றுக் குறைவாகத் தொடங்குவதே சரி. தண்டு கீழ்நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டிருக்கும். ஸ்பிரிங்கின் ஓட்டம், ஹெட் நகரும் தூரத்தைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். பழைய கார்களில் கழற்றியதைத் துடைத்துப் பெயின்ட் அடித்துப் புதியது என்று தருபவர்களிடம் நானே ஏமாந்திருக்கிறேன்: சில மாதங்களில் வாயு கசிந்து, ஒருபக்க ஸ்பிரிங் தளர்ந்து, ஹெட் கோணலாக இழுபட்டது. உடலில் நியூட்டன் அளவு அச்சிடாத ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். எந்த ஸ்பிரிங்கையும் அறுக்கவோ சூடாக்கவோ துளையிடவோ கூடாது.

கப்பியில் எதிர் எடை தொங்கவிடலாமே என்பார்கள். கையால் சுழற்றும் மெஷினுக்கு அது நல்ல வழி. மோட்டார் இயக்கும்போது நகர்த்த வேண்டிய நிறை இரட்டிப்பாகிவிடுவதால் உங்களுக்கு அது பொருந்தாது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பால் ஸ்க்ரூவுக்குப் பதில் 16 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. பிட்சும் (மரைகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட ஒற்றைப் புரி டிரபிசாய்டல் திருகு (சரிவக வடிவ மரை கொண்டது) இருந்தால், மரையின் சாய்வு ஏறக்குறைய 5 பாகையே என்பதால் உராய்வே ஹெட்டைப் பிடித்து நிறுத்தும். அங்கே எடை முழுவதையும் ஸ்பிரிங்கால் தாங்கினால் புதிய தொல்லை வரும்: எடைதான் நட்டை மரையின் ஒரே பக்கத்தில் அழுத்தி வைக்கிறது, அது போனால் ஹெட், நட்டுக்கும் திருகுக்கும் இடையிலான தளர்வான பேக்லாஷுக்குள் மிதக்கும், கட்டர் அதைக் கீழே இழுத்து ஆழமாக வெட்டிவிடும். ஆகவே நான்கில் மூன்று பங்கு எடையை மட்டும் தாங்குங்கள். ஆனால் திருகு என்றாலே நிற்கும் என்று நம்பி, 3டி பிரிண்டர் கடைகளில் கிடைக்கும் 8 மி.மீ. விட்டமும் 8 மி.மீ. லீடும் உள்ள நான்கு புரித் திருகை வாங்கிவிடாதீர்கள்; அதன் சாய்வு ஏறக்குறைய 20 பாகை, அதுவும் சறுக்கும்.

கையில் பணம் இருந்தால், மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங்கால் தானே பிடித்துக்கொள்ளும் 24 வோல்ட் பிரேக் ஒன்றையும் சேருங்கள். எமர்ஜென்சி ஸ்விட்ச்சை அழுத்தினாலும் அது பிடிக்கும்படி வயரிங் செய்யச் சொல்லுங்கள். பிரேக்கை மோட்டாரின் பின்தண்டில் மாட்டுவதைவிட ஸ்க்ரூவிலேயே மாட்டுவது மேல். மோட்டாரில் மாட்டினால், மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ (இறுக்கிப் பிடிக்கும் சிறு திருகு) தளரும் அன்று பிரேக் மோட்டாரைப் பிடித்திருக்க, ஹெட் மட்டும் இறங்கிவிடும். இவை அனைத்தும் செய்த பிறகும், கட்டர் மாற்றக் கையை அடியில் விடும் ஒவ்வொரு முறையும் ஹெட்டுக்கும் டேபிளுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.