ராஜத்துரோகம் என்று ஏன் போடவில்லை? ரிவோனியா வழக்கு: வாசகர் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு, தன்னை எதிர்த்த ஆயுதப் போராட்ட இயக்கத்தைச் சேர்ந்த மண்டேலா உள்ளிட்டோர் மீது 1963-64இல் நடத்திய நாசவேலை வழக்கு இது.

கே: ரிவோனியாவில் பிடிபட்டவர்களில் மண்டேலா இல்லை என்கிறார்கள். பிறகு எப்படி வழக்கின் முதல் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஆனார்?

பிடிபட்டவர்களில் அவர் இல்லைதான். ஜோஹானஸ்பர்க்குக்கு வடக்கே ரிவோனியாவில், இயக்கத்தின் மறைவிடமாக இருந்த லிலீஸ்லீஃப் பண்ணைக்குள் போலீஸ் சலவைக்கடை வேனில் ஒளிந்துகொண்டு நுழைந்தது 1963 ஜூலை 11 அன்று. அப்போது மண்டேலா, வேலைநிறுத்தத்தைத் தூண்டியதற்காகவும் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனதற்காகவும் 5 ஆண்டுத் தண்டனையில் இருந்தார். அவரை மாட்டிவிட்டவை காகிதங்கள். டேவிட் மோட்சமாயி என்ற பெயரில், வேலைக்காரர் வேடத்தில் முன்பு அதே பண்ணையில் தங்கியிருந்தவர் அவர். கைப்பட எழுதிய குறிப்புகளும் ஆப்பிரிக்கப் பயண நாட்குறிப்பும் எரிக்கப்படாமல் அங்கேயே கிடந்தன. தலைமறைவு இயக்கம் செய்யக்கூடாத பிழை.

கே: ஆயுதப் போராட்டம் என்றால் ராஜத்துரோகம்தானே? நாசவேலைச் சட்டத்தை ஏன் எடுத்தார்கள்?

பட்ட சூடுதான் காரணம். 1956இல் 156 பேர் மீது ராஜத்துரோக வழக்குப் போட்டு, நாலு வருஷத்துக்கும் மேல் இழுத்து, 1961 மார்ச்சில் ஒருவரைக்கூடத் தண்டிக்க முடியாமல் அரசு கைகழுவியது. அந்தக் குற்றத்தை நிரூபிக்க ஒரே சாட்சி போதாது, இரண்டு பேர் வேண்டும். முன்விசாரணையும் நடத்தியாக வேண்டும். 1962இன் நாசவேலைச் சட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. செயல் நடந்தது என்று அரசு காட்டிவிட்டால், கெட்ட நோக்கம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் எதிரி! குறைந்தது 5 ஆண்டு, கூடுதலாகத் தூக்கு.

இவ்வளவு வசதி இருந்தும் அரசு வழக்கறிஞர் பெர்சி யூட்டார் முதல் அடியிலேயே சறுக்கினார். யார், எதை, எப்போது செய்தார் என்ற விவரம் குற்றப்பத்திரிகையில் இல்லை. மண்டேலா சிறைக்குள் இருந்த நாட்களில் நடந்தவையும் அவர் தலையில் கட்டப்பட்டிருந்தன. பிராம் ஃபிஷர் தலைமையிலான எதிரிகள் தரப்பு வக்கீல்கள் இதைப் பிடித்துக்கொள்ள, அக்டோபர் 30 அன்று நீதிபதி குவார்ட்டஸ் டி வெட் குற்றப்பத்திரிகையைத் தள்ளுபடி செய்தார். விடுதலை என்று நினைத்துவிடாதீர்கள். நீதிபதி எழுந்து போனதும் போலீஸ் அதிகாரி ஒருவர் ஒவ்வொருவர் தோளிலும் தட்டி, கூண்டுக்குள்ளேயே மறுபடி கைது செய்தார். திருத்திய பத்திரிகையில் 193 நாசவேலைகள்.

கே: மண்டேலா ஏன் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை?

ஏறியிருந்தால் சத்தியப் பிரமாணமும் குறுக்கு விசாரணையும் உண்டு. யூட்டார் அதற்குத்தான் காத்திருந்தார். எதிரிக் கூண்டில் நின்றபடி வாக்குமூலம் தந்தால் இடைமறிக்க ஆளில்லை, முழுதாகப் பேசலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அதற்குச் சாட்சிய மதிப்பு குறைவு. தெரிந்தேதான் 1964 ஏப்ரல் 20 அன்று அந்த வழியை எடுத்தார். குறுக்கு விசாரணையின் சுமை சக எதிரியான வால்டர் சிசுலு மேல் விழுந்தது. தோழர்களைக் காட்டிக்கொடுக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று நாள்கணக்கில் நின்றார். என்னைக் கேட்டால், வழக்கின் கடினமான வேலை அவருடையது.

கே: தூக்கிலிருந்து எப்படித் தப்பினார்கள்?

வழக்கு தொடங்கிய மூன்றாம் நாளே ஐ.நா. பொதுச்சபையில் 106க்கு 1 என்ற கணக்கில் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. அந்த நெருக்கடி எவ்வளவு உதவியது என்பதில் ஆளுக்கொரு கருத்து. ஏட்டில் இருப்பது வேறு: ‘ஆபரேஷன் மாயிபுயே’ என்ற கெரில்லாப் போர்த் திட்டத்தை இயக்கம் ஏற்றுக்கொண்டதாக நிரூபணமாகவில்லை. ஜூன் 12 அன்று தண்டனை சொல்லும்போது டி வெட், சாராம்சத்தில் இது ராஜத்துரோகமே, ஆனால் அரசு அப்படி வழக்குப் போடவில்லை என்றார். யூட்டார் எடுத்த குறுக்குவழி அவர் காலையே வாரியது. எட்டுப் பேருக்கு ஆயுள். இன்னொரு எதிரியான ரஸ்டி பெர்ன்ஸ்டீனுக்கு விடுதலை.

கே: எட்டுப் பேரும் ராபன் தீவுச் சிறைக்கா?

ஏழு பேர்தான். டெனிஸ் கோல்ட்பெர்க் வெள்ளையர் என்பதால் பிரிட்டோரியா சிறையிலேயே 22 ஆண்டு. தீவுக்குப் போன இந்திய வம்சாவளி அகமது கத்ராடாவுக்கு முழுக்கால்சட்டையும் ரொட்டியும் கிடைத்தன. அதே வழக்கில், அதே தண்டனை பெற்ற கறுப்பினத்தவரான மண்டேலாவுக்கு அரைக்கால்சட்டை, ரொட்டி கிடையாது.